பாக்கியம் அக்கா வீட்டுச் சுவர்

சின்னப் படங்களுக்குப் படப்பிடிப்பு நடத்த வீடு தேடிக் கொடுப்பது என் வேலை. இதில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், "நல்ல விசயம்தான், செய்ங்க" என்று வாய் நிறையச் சொல்கிறவர் வாசல் கேட்டைத் திறக்கமாட்டார்.

பேய் இல்லாத படம்

ஈப்போவில் இருக்கும் எங்கள் டைரக்டர் தம்பிக்கு நிறம் மங்கிய தோட்டத்து வீடு ஒன்று வேண்டும். கணவனை இழந்த இரண்டு பெண்கள், ஒண்டியாகக் கிடப்பானேன் என்று ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிற கதை. இடுப்பில் பிள்ளையோடு சித்தியவான் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில் "பேய்ப் படமா?" என்று ஆசையாகக் கேட்டார்கள், இல்லை என்றதும் கதவைச் சாத்தினார்கள். நீங்களும் பட்டிருப்பீர்கள்.

கடைசியில் கிடைத்தவர் பாக்கியம் அக்கா. ரப்பர் மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்த தோட்டத்தில் தனியாக இருக்கிறார், பிள்ளைகள் கோலாலம்பூரில். வெளுத்த பச்சைச் சுவரைப் பார்த்ததுமே எனக்கு மனசு துள்ளியது. அக்கா கதையை முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ரெண்டு பொம்பளைங்க ஒரே அடுப்புல, சண்டை இல்லாமயா? பொய்க் கதை லா. சரி, வந்து எடுங்க."

மானம்

கேமரா வாடகைக்குக் கிடைத்தது இரண்டே நாளுக்கு. அதற்குள் எடுக்காவிட்டால் படம் அதோடு நின்றுவிடும். முதல் நாள் காலையில் போய் இறங்கினால், வீடு ரோஸ் சாயத்தில் பளபளவென்று நிற்கிறது! டைரக்டர் தம்பி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்காவுக்கு அவர் முகம் போன போக்கு புரியவில்லை. "தீபாவளிக்குக்கூட நான் அடிக்கல. ஊரே பாக்கப்போற வீடு, அழுக்கா காட்டுனா என் மானம் என்னாவுறது?"

மிச்சச் சுவர்

திரும்பிப் போகலாம் என்றார்கள் படக்குழுவினர். நான் விடுவேனா? பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டு வீட்டைச் சுற்றி வந்தேன். சாயம் பத்தாமல் பின்பக்கச் சுவர் பாதி பச்சையாகவே இருந்தது. அடுப்படியையும் யாரும் தொடவில்லை. "தம்பி, கதையில அந்த ரெண்டு பேரும் சேர்ந்து சாயம் அடிக்கட்டுமே. சேர்ந்து வாழுறதுன்னா வேற என்ன?" என்றேன். தம்பி எழுந்து நின்றார்.

அதே ரோஸ் சாயம் இன்னொரு டின் வாங்கி வந்து, பச்சையில் தொடங்கினோம், ரோஸில் முடிப்பதாகத் திட்டம். நடிகை பிரஷ்ஷைப் பிடித்த அழகைப் பார்த்து, என் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற அக்காவால் வாயை அடக்க முடியவில்லை. அவர் போட்ட சத்தம், பக்கத்து வீட்டுக் குரலாகப் படத்தில் அப்படியே இருக்கிறது: "ஏம்மா, சுவத்துக்கு வலிக்குமா? அழுத்தித் தேயும்மா!"

சாமான் ஏற்றும்போது

இரண்டாம் நாள் சாயங்காலம் எல்லாம் எடுத்து முடித்தாயிற்று. கதையில் துணையாக வந்து சேருகிற நடிகை, அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனார். அக்கா அவித்த மரவள்ளிக்கிழங்கைப் பொட்டலம் கட்டி அவர் கையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, சிரிக்காமல் சொன்னார். "எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போ. இந்தப் பொம்பளைய மட்டும் விட்டுட்டுப் போயேன்."

இப்போதெல்லாம் அடுத்த படத்துக்கு வீடு தேடக் கிளம்பினால் பாக்கியம் அக்காவையும் காரில் ஏற்றிக்கொள்கிறேன்: வீடு கேட்பது நான், பிள்ளையைத் தூக்குவதும் "படம் முடியிற வரைக்கும் சாயம் அடிச்சிடாதீங்க லா" என்று மிரட்டுவதும் அவர்.