ஆறு பேருக்கு ஒரு சஹன்

இலங்கையில், மதுரங்குளி என்ற ஊரில் ஒரு முஸ்லிம் கல்யாண விருந்து. பாயில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, நடுவில் வைத்த சஹன் என்ற ஒரே பெரிய தட்டிலிருந்து பிரியாணி சாப்பிடுகிறோம். சென்னையிலிருந்து வந்த எனக்குக் கொழும்பு நண்பர் புத்திமதி சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்: தொப்பி போட்டுக்கொள், உன் பக்கத்துச் சோற்றையே எடு, உன் பக்கம் யார் எதை வைத்தாலும் வேண்டாம் என்று சொல்லாதே. நல்ல பிள்ளையாக எல்லாம் செய்கிறேன்.

என் பக்கத்துச் சோறு காலி. வாசலில் அடுத்த பந்திக்கு ஆட்கள் நிற்கிறார்கள். எங்கள் ஊர்ப் பழக்கத்தில், இடம் விட எழுந்துவிடுகிறேன். உடனே மற்ற ஐந்து கைகளும் சோற்றை விட்டு விலகுகின்றன.

“நீங்க சாப்பிடுங்கண்ணே,” என்று பதறுகிறேன், உப்பளத்து வேலை முடிந்து நேரே வந்து என் அருகில் உட்கார்ந்தவரிடம்.

“இல்ல தம்பி, சஹன்ல ஒராள் எழும்பினா எல்லாரும் எழும்பணும். எங்களுக்கும் வயிறு நெறஞ்சிட்டு.”

மறுபடி உட்காரப் பார்க்கிறேன். அதற்குள் அவர் கை கழுவிவிட்டார். அவர் பக்கத்துச் சோறு அப்படியே கிடக்கிறது. இறைச்சியைத்தான் காணவில்லை, இவ்வளவு நேரமும் அதை என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தவர் அவர்தான்.