மூன்று நாள் ஓடாத மோட்டார்

ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில், பெரம்பூரில் இருந்த பெரியம்மா பிள்ளைகளுக்கு ஓர் இன்லேண்டு கடிதம் எழுதினேன். வல்லத்தில் எங்கள் கொல்லையில் நீச்சல் குளம் இருக்கிறது, வந்தால் நாள் முழுக்க நீந்தலாம் என்பது அதன் சாரம். இருந்தது, மோட்டார் தண்ணீர் விழும் சிமெண்டுத் தொட்டி. பத்தடி நீளம், ஆறடி அகலம், என் கழுத்தளவு ஆழம். அளவுகளைக் கடிதத்தில் எழுதவில்லை.

அக்காவும் அண்ணனும் வந்துவிட்டார்கள். அக்காவுக்குப் பதினைந்து வயது. அண்ணன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். அவர்களுக்காக நான் முதல் நாளே தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, பாசி போகத் தேய்த்து வைத்திருந்தேன். மோட்டாரைப் போட்டு நிரப்புவதுதான் பாக்கி.

மறுநாள் காலை அக்கா என் அம்மாவை மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூப்பிட்டு மெதுவாக ஏதோ சொன்னாள். அம்மா அவள் தலையைத் தடவிவிட்டு, நேராக மோட்டார் கொட்டகைக்குப் போய்வந்தாள். எங்கள் மோட்டாரைத் தினமும் போடுவதும் நிறுத்துவதும் அம்மாதான். ஆகவே அது யாருக்கும் புதிதாகத் தெரியவில்லை.

நாங்கள் துண்டோடு போய்ச் சேர்ந்தபோது, லீவில் வந்திருந்த சித்தப்பா பச்சைப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார். மோட்டார் உறுமியது, சுற்றவில்லை.

அண்ணன் காலித் தொட்டியை எட்டிப் பார்த்தான்.

"இன்னாடா இது, உங்க குளத்துல தண்ணி கூட லீவுல பூடுச்சா?"

சித்தப்பா அம்பத்தூரில் லேத் ஓட்டுபவர். முறையாகத்தான் பார்த்தார். மெயினை இறக்கி, மூன்று பீஸ் கட்டைகளையும் உருவினார். கம்பி எதிலும் அறுந்திருக்கவில்லை, திரும்பச் செருகினார். பம்பைக் கையால் சுற்றினார், இலகுவாகச் சுற்றியது. ஸ்டார்ட்டரைத் திறந்து தூசி ஊதினார். மறுபடி போட்டபோதும் அதே உறுமல்.

"காயில் போச்சு அண்ணி. வண்டி கட்டச் சொல்லுங்க, படப்பை மெக்கானிக்காண்ட தூக்கினு பூடலாம்."

"அவசரப்படாத தம்பி. முந்தாநாள் மழ பேஞ்சுதுல்ல, ஈரம் எறங்கியிருக்கும். மூணு நாள் காயட்டும். இன்னொரு வாட்டி போட்டின்னா மெய்யாவே எரிஞ்சிடும்."

"ஈரத்துக்கு மூணு நாளா? ஒரு நாள் வெயில் பத்தாதா அண்ணி?"

"மூணு நாள்தான்."

கடலை பிடுங்கியாகிவிட்டதால் தண்ணீருக்குத் தவித்த பயிர் எதுவும் இல்லை. தவித்தது நான் ஒருவன்தான். கிணற்றில் இறங்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. வீட்டுக்கு வேண்டியதைச் சேந்திக்கொண்டார்கள். நாங்கள் மூன்று நாளும் வேப்ப மரத்தடியில் தாயம் ஆடினோம். அண்ணன் ஒவ்வொரு வேளையும் குளத்துக்கு எப்போது திறப்பு விழா என்று விசாரித்தான். அக்கா மட்டும் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அதற்காகவே ஆட்டத்தில் நான் அவள் கட்சியில் இருந்தேன்.

நான்காம் நாள் அக்கா விடியலிலேயே தலைக்குக் குளித்துவிட்டு வந்து நின்றாள். அம்மா கொல்லைக்குக் கிளம்ப, நான் பின்னால் ஓடினேன். அவள் மெயினை இறக்கி, ஒரு பீஸ் கட்டையை உருவி, கட்டை செருகும் துளைக்குள்ளிருந்து மடித்த சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைக் கொண்டை ஊசியால் எடுத்து எறிந்தாள்.

"இன்னாம்மா அது?"

"குப்ப."

பொத்தானை அமுக்கியதும் மோட்டார் ஓடியது. தொட்டி நிரம்பும் வரைகூடப் பொறுக்காமல் முதலில் குதித்தது அக்காதான். "நான் சொல்லல, ஈரந்தான்," என்றார் சித்தப்பா. அண்ணன் சாயங்காலம் வரை கரையேறவில்லை. என் கடிதம் பொய்யில்லை என்று ஆகிவிட்டது. எனக்கு அது போதும்.

நனைந்த மோட்டாருக்கு மூன்று நாள் என்பதை அன்று முதல் ஒரு விதியாகவே வைத்துக்கொண்டேன். கல்யாணமான பிறகு ஒரு மழைக்காலத்தில் வீட்டு மோட்டார் நின்றபோதும், யாரையும் தொடவிடாமல் காயப்போட்டேன். இரண்டாம் நாள், தண்ணீர் சுமந்து அலுத்த என் மனைவி, இது எந்த ஊர் கணக்கு என்று கேட்டாள். கடிதத்தில் தொடங்கி டியூப் துண்டு வரை வரிசையாகச் சொன்னேன்.

அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நெடுநேரம் சிரித்தாள்.

"நாலாம் நாள் அக்கா தலைக்குக் குளிச்சிட்டு வந்தாங்கன்னு நீங்களே சொல்றீங்க. இன்னும் மோட்டாரப் பத்தியே பேசினு இருக்கீங்க."