வைகையைத் தாண்டாத வக்கீல்

பொங்கலுக்கு முன்னால், பெரியார் பஸ் நிலையத்திலிருந்து நாகமலை புதுக்கோட்டை வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில், மடியில் கூடையோடு ஒரு வழுக்கைத் தலையர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? அது நான்தான். கூடைக்குள் இருந்தது பூனைதான். ஆனால் நீங்கள் நினைத்தது தப்பு. அம்புட்டும் தப்பு!

நான் அதைக் கொண்டுபோய்த் தொலைக்கப் போகவில்லை. ஊருக்குப் போய்த் திரும்பும் வரை பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைக்கப் போனேன். பஸ்ஸில் இதைச் சொன்னேன். மெஸ்ஸில் சொன்னேன். உயிர் நண்பனிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. வாராவாரம் பத்திரிகையில் எனக்கென்று இந்த இடம் இருப்பது எதற்கு? இன்றைக்கு என் வழக்கை நானே பேசிக்கொள்கிறேன்.

பூனையின் பெயர் வக்கீல். உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டி. எதைத் தட்டில் வைத்தாலும் முதலில் ஓர் ஆட்சேபம், பிறகுதான் சாப்பாடு. பெயர் வைத்தவள் என் மகள் கயல். காலேஜ் படிக்கும்போது மழையில் நனைந்த குட்டியாகத் துப்பட்டாவில் சுற்றித் தூக்கி வந்தாள். வேலை கிடைத்து பெங்களூரு கிளம்பியபோது, அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், பூனையைக் கட்டிக்கொண்டு அழுதாள், என்னிடம் வந்து, "அப்பா, வக்கீலுக்கு ஏதாச்சும் ஆச்சு... உங்களச் சும்மா விட மாட்டேன்" என்றாள். அவரவர்க்கு அவரவர் பங்கு.

இந்தப் பொங்கலுக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. எங்களை அங்கே வரச் சொன்னாள். சொன்ன கையோடு, "வக்கீல யாருப்பா பாத்துக்குவா?" என்றாள். எங்களுக்கு டிக்கெட் கிடைத்ததா என்று அப்புறம் கேட்டாள்.

வழக்கமாகப் பார்த்துக்கொள்வது மாடியில் குடியிருக்கும் ஸ்டெல்லா டீச்சர். பொங்கல் லீவுக்குத் தூத்துக்குடியில் தங்கை வீட்டுக்குப் போகிறார். எதிர்வீட்டு பாய்க்குப் பூனை என்றால் உயிர். ஆனால், "வீட்ல லவ் பேர்ட்ஸ் கெடக்கு தம்பி. ரெண்டு தரப்புக்கும் சங்கடம்" என்று கையை விரித்துவிட்டார்.

சரி, காலம் மாறிவிட்டதே, செல்லப் பிராணிகளுக்கு ஹாஸ்டல் இருக்கிறதாமே என்று ஒரு நம்பருக்குப் போன் போட்டேன்.

"பூனையா சார்? என்ன ப்ரீடு? பெர்ஷியனா?"

"நாட்டுப் பூனைங்க."

எதிர்முனையில் ஒரு சின்னச் சிரிப்பு. "நாட்டுப் பூனைக்கா சார் ஹாஸ்டல்? கதவத் தொறந்து விட்டுட்டுப் போங்க சார், அதுவே பாத்துக்கும்."

எனக்கு வந்ததே கோபம்! நாட்டு மாடு என்றால் அலங்காநல்லூரில் மாலை போட்டுக் கும்பிடுகிறோம். நாட்டு நாய் என்றால் நெஞ்சை நிமிர்த்துகிறோம். நாட்டுக் கோழி என்றால் ஓட்டலில் தனியாக போர்டு வைக்கிறோம். பூனை மட்டும் நாட்டுப் பூனையாகப் பிறந்தது குற்றமா? – இதையெல்லாம் அவரிடம் கேட்டேன். அதாவது, அவர் போனை வைத்த பிறகு கேட்டேன்.

கடைசியில் கைகொடுத்தவன் முருகேசன். நாகமலை புதுக்கோட்டையில் சொந்த வீடு, சுற்றிலும் காம்பவுண்ட், தாராள மனசு. இவனுடைய தாராளத்துக்கு என் படுக்கையறையே சாட்சி. "கொஞ்ச நாள் வச்சுக்க மாப்ள" என்று அவன் எப்போதோ கொண்டுவந்து இறக்கிய எக்சர்சைஸ் சைக்கிள் இன்னும் அங்கேதான் நிற்கிறது. ஹேண்டில்பாரில் என் மனைவி சாந்தி துண்டு காயப்போடுகிறாள். சீட்டில் வக்கீல் தூங்குகிறார். உடற்பயிற்சி செய்ய வேண்டியவர் இரண்டையும் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தச் சைக்கிளைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

துணிக்கூடை இரண்டை எடுத்து, ஒன்றின் மேல் இன்னொன்றைக் கவிழ்த்து, கொடிக்கயிற்றால் சுற்றிக் கட்டினேன். நடுவில் வக்கீல். "ஆட்டோ பிடிங்க" என்று சாந்தி சொன்னாள். நான் கேட்டால்தானே? பஸ் ஏறினேன். காளவாசல் வரும்வரை கூடைக்குள் சத்தமே இல்லை. சிக்னலில் பஸ் நின்ற நிசப்தத்தில் ஒரு நீளமான 'மியா...வ்'.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

கண்டக்டர் என் பக்கம் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார். "விடப் போறீகளாண்ணே?"

"என்னது?"

"பூனையத்தேன். யுனிவர்சிட்டி ஸ்டாப்ல எறங்குங்க. காடாக் கெடக்கும், ஒரு பய கேக்க மாட்டான்."

முன்சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா திரும்பினார். "கண்ணக் கட்டினியாய்யா? கூடைல இம்புட்டு ஓட்டை இருக்கு. வழியப் பாத்து வச்சுக்கிட்டு வந்துரும்."

பின்னாலிருந்து ஒருவர்: "கண்ணக் கட்டினாலும் வரும்ங்கிறேன். எங்க வீட்டுப் பூனையக் கொண்டு போயி திருமங்கலத்துல விட்டுட்டு, சும்மா ஒரு டீயக் குடிச்சுட்டு வீட்டுக்கு வாரேன்... வாசல்ல உக்காந்து, எங்கடா போனங்கிற மாதிரி பாக்குது!"

"தண்ணியத் தாண்டி விடணும்ணே" என்று கண்டக்டர் தீர்ப்புச் சொன்னார். "வைகைக்கு அங்கிட்டு, வாடிப்பட்டிப் பக்கம் விட்டாத்தேன் வராது. நீங்க இங்கிட்டே சுத்துறீக."

"வைகைல தண்ணி இருந்தால்ல அதுக்குத் தாண்டுன மாதிரி இருக்கும்?" என்றார் டீ குடித்தவர்.

பஸ்ஸில் சிரிப்பு. எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து நின்றே விட்டேன். "ஐயா, அம்மா, எல்லாரும் கேட்டுக்கங்க! நான் பூனைய விடப் போகலை. ஊருக்குப் போறோம். வர்ற வரைக்கும் பாத்துக்கச் சொல்லி ஃப்ரெண்டு வீட்ல கொண்டு போய்க் குடுக்கிறேன். திரும்பி வந்து கூட்டிட்டுப் போவேன்!"

பூக்கார அம்மா கண்ணைச் சிமிட்டினார். "அப்பிடித்தேன்யா சத்தமாச் சொல்லணும். அதுக்குக் காது நல்லாக் கேக்கும்."

இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்வான்? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முருகேசன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தான். கூடையை வாங்கிக்கொண்டான். நான் வக்கீலின் பழக்கவழக்கங்களை விளக்கினேன். பால் ஆகாது. கருவாட்டில் உப்பு அதிகம், ஆகவே ஆகாது. சாப்பிடும்போது முகத்தையே பார்க்கக் கூடாது, கூச்சப்படுவார். அவன் ஒன்றுமே கேட்கவில்லை. துக்க வீட்டில் தலையசைப்பதுபோல அசைத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் என் தோளைத் தட்டி, "எல்லாம் எனக்குப் புரியுது மாப்ள. நீ மனசப் போட்டு அலட்டிக்காம போ" என்றான்.

என்ன ஒரு நண்பன் என்று நெகிழ்ந்துபோய் பஸ் ஏறினேன். முட்டாள்!

பெங்களூரு போனதும் போன் செய்தேன். "நல்லாருக்கு மாப்ள, நல்ல எடம்" என்றான். பொங்கலன்று, பால் பொங்குவதற்கு முன்பே கயல் ஆரம்பித்தாள். "வக்கீல் போட்டோ கேளுங்கப்பா." கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு போட்டோ வந்தது. மதில் சுவரில் பூனை. நல்ல வெள்ளைப் பூனை.

கயல் போட்டோவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டேன்.

"டேய், இது யாருடா?"

"பூனைதான கேட்ட?"

"என் பூனை எங்கடா?"

முருகேசன் திருப்பிக் கேட்டான். "மாப்ள... நெசமாவே கேக்குறியா? வீட்ல தங்கச்சி பக்கத்துல இருக்காங்கன்னு கேக்குறியா?"

விஷயம் அவிழ்ந்தது. பொங்கலுக்கு வீட்டை ஒதுங்க வைத்து வேண்டாததைக் கழிக்கும் நேரம். அந்த நேரத்தில் ஒருவன் பூனையைக் கூடையில் கட்டிக்கொண்டு வந்து 'கொஞ்ச நாள் பார்த்துக்கொள்' என்றால் என்ன அர்த்தம்? ஊருக்கே தெரிந்த அர்த்தம். விடுவதற்கு மனசு வராதவன், விடுகிற வேலையை நண்பனிடம் தள்ளுகிறான். நண்பன் என்றால் குறிப்பறிந்து முடித்துவிட வேண்டும். முடித்துவிட்டான்! யுனிவர்சிட்டி பக்கம் ஒரு மெஸ்ஸுக்குப் பின்னால்.

"மீன் கொழம்பு வைக்கிற மெஸ்ஸாப் பாத்துத்தான் விட்டேன் மாப்ள. ஒன் மனசு எனக்குத் தெரியாதா?"

"கொஞ்ச நாள்னு தானடா சொன்னேன்!"

"நானும்தான் சைக்கிளக் கொஞ்ச நாள்னு சொன்னேன். திருப்பிக் கேட்டேனா?"

சொல்லுங்கள், இதற்கு என்ன பதில்? எந்த நீதிமன்றத்தில் நிற்கும் என் பக்கம்? நாம் ஏன் இப்படி இருக்கிறோம்? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. 'கொஞ்ச நாள்' என்று சொல்லியே மீன்தொட்டியை, தையல் மெஷினை, பழைய சோபாவை ஒருத்தர் தலையில் இன்னொருத்தர் கட்டுகிறோம். கட்டிக் கட்டி, உண்மையிலேயே கொஞ்ச நாள் வேண்டும் என்கிறவன் அதைச் சொல்ல ஒரு வார்த்தை மிச்சமில்லை! காளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுகிற ஊர், பூனையைக் கூடையில் கொண்டுபோகிறவன் முகத்தில் கொலைகாரனைப் பார்க்கிறது.

கயல் அழவில்லை. திட்டவும் இல்லை. "போய்ப் பாருங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

முதல் பஸ்ஸைப் பிடித்து மதுரை வந்தேன். முருகேசன் பைக்கோடு காத்திருந்தான். கூடையைக் கழுவித் துடைத்து வேறு வைத்திருந்தான். மெஸ் வாசலில் இறங்கினோம். ஷட்டர் சாத்தியிருந்தது. மேலே சாக்பீஸில் எழுதியிருந்தது: பொங்கல் விடுமுறை.

"இத நான் யோசிக்கல மாப்ள" என்றான் முருகேசன். முதல் தடவையாக அவன் குரல் இறங்கியது.

ஷட்டரைச் சுற்றிப் பூனைகள். படியில் ஒன்று, கவிழ்த்து வைத்த அண்டாமேல் ஒன்று, வேப்பமர நிழலில் இரண்டு. எல்லாமே வீட்டுப் பூனைகள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. தெருப்பூனை ஆளைக் கண்டால் ஓடும். இவை ஓடவில்லை. பைக் நின்றதும் எல்லாம் சேர்ந்து நிமிர்ந்து பார்த்தன. கழுத்தில் சிவப்புக் கயிறும் சின்ன மணியும் கட்டிய மஞ்சள் குட்டி ஒன்று எழுந்தே வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தது. ஆள் வேறு என்று தெரிந்ததும் திரும்பிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

வக்கீலைக் காணவில்லை.

பெயரைச் சொல்லிக் கத்தினேன். பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு மெஸ் நடத்தும் அக்கா வந்தார். கையில் சோற்றுச் சட்டி.

"யாரத் தேடுறீக?"

"கறுப்புப் பூனைங்க. கழுத்துல வெள்ளை. என்னோடது."

"ஓ... நீங்கதானா அது?" சட்டியைக் கீழே வைத்தார். இடுப்பில் கை வைத்தார். "படிச்ச ஆளு மாதிரி தெரியுது. வெக்கமா இல்ல? பொங்கலுக்கு நீங்க வீட்டக் கழுவுவீக, நான் ஒங்க பூனைக்கெல்லாம் பொங்கிப் போடணுமா? என்னமோ நேர்ந்துவிட்ட மாதிரி கொண்டாந்து விடுறீக!"

"அக்கா, நான் விடல. இவன்தான்..." என்று திரும்பினேன். முருகேசன் பைக்கில் ஏதோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் இதத்தேன் சொல்றாக. நான் விடல, அவன் விட்டான். சரி, ஒங்க பூனைதான்னு என்ன சாட்சி? உள்ள வாங்க. ஒங்களத் தெரியுதான்னு பாப்போம்."

உள்ளே, கல்லா மேஜைமேல், மின்விசிறிக்கு நேர்கீழே படுத்திருந்தார் வக்கீல். ஊருக்குப் போகாமல் தங்கிவிட்ட ரிசர்ச் மாணவர்கள் அவருக்கு 'வார்டன்' என்று பெயர் வைத்திருந்தார்களாம். "வக்கீல்!" என்றேன். கண்ணைத் திறந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார்.

எனக்காக வாதாட மறுத்துவிட்டார், ஐயா!

"பாத்தீகளா?" என்றார் அக்கா.

வேறு வழியில்லாமல் கயலுக்கு வீடியோ கால் போட்டேன். அவள் பேசக்கூட இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு, குட்டியாக இருந்தபோது கூப்பிடுவதுபோல நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தாள். வக்கீல் துள்ளி எழுந்தார். ஓடிவந்து போனை மோந்து பார்த்தார். போனுக்குப் பின்னால் போய்த் தேடினார். மறுபடி முன்னால் வந்தார். இந்த முறை போனைப் பிடித்திருந்த என் கையில் தலையை வைத்து அழுத்தினார்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம் அந்தப் புள்ள. அதுக்குத் தெரியாமக் கொண்டாந்து விட்டுட்டீக, என்ன?"

நான் பைக்கிலிருந்து கூடையை எடுத்துவந்தேன்.

வக்கீலைக் கூடைக்குள் வைத்துக் கயிற்றைக் கட்டும்போது, அக்கா வெளியே போய் அந்த மணி கட்டிய மஞ்சள் குட்டியைத் தூக்கிவந்தார். ஓட்டை போட்ட பிஸ்கட் பெட்டிக்குள் வைத்து என் கையில் கொடுத்தார்.

"இதையும் கொஞ்ச நாள் வச்சுக்கங்க" என்றார்.

கொஞ்ச நாள்! அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது? கோபமாகத்தான் பார்த்தேன். அதற்குள் அது பெட்டி ஓட்டை வழியாக என் விரலை நக்கிவிட்டது. பெயர்கூட பஸ் ஸ்டாப் வருவதற்குள் முடிவாகிவிட்டது. வக்கீலிடம் வந்து சேர்ந்தால் வேறென்ன – ஜூனியர்.

முருகேசன் பைக்கில் கொண்டுவிடுகிறேன் என்றான். மானஸ்தன் நான், மறுத்துவிட்டு டவுன் பஸ் ஏறினேன். மடியில் கூடை, கூடைமேல் பெட்டி. அதே கண்டக்டர். என்னைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். பெட்டிக்குள்ளிருந்து மணிச்சத்தம் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒண்ணக் கொண்டாந்து விட்டு ரெண்டாத் திரும்பி வாரீகளேண்ணே! நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல... வைகையத் தாண்டி வாடிப்பட்டிப் பக்கம் போங்கன்னு!"