மூடி போட்ட பீப்பாய்

போன வாரம் பக்கத்து வீட்டுப் புஷ்பாவுக்குப் புத்திமதி சொல்லப் போனேன். மறுநாள் அவளுக்கு எம்.எஸ்சி. வாய்மொழித் தேர்வு. முதல் முறை தேர்வாளர்கள் முன் வாயடைத்து நின்றுவிட்டாள். இதிலும் தவறினால் பட்டம் கிடையாது.

வீடு ஏற்கெனவே நிரம்பியிருந்தது. எல்லோர் கையிலும் பழனி விபூதி. அவள் நெற்றியில்தான் இடமில்லை.

"ஏலே முனியாண்டி, புள்ள வெறும் வயித்தோட கெடக்கு. வெரசா எதாச்சும் குடு!" என்று அவள் அப்பாவை அதட்டினார், மன்னவனூரிலிருந்து வந்திருந்த தாய்மாமன்.

"இப்பத்தான நீங்களே ஊட்டிவிட்டீங்க மச்சான்!"

நான் மட்டும் சும்மா இருப்பேனா? அரசாங்க உத்தியோகம் பார்த்த உடம்பு! எப்போது வணங்குவது, எப்போது உட்காருவது... நடைமுறைகளை அடுக்கினேன். புஷ்பாவின் கண் கலங்கியது. பதறிப்போய்ப் பேச்சை மாற்றினேன்.

"உன் பிராஜெக்ட் எதைப் பத்திம்மா?"

"பாக்டீரியாவுல இருக்கிற சாப்பரோன் புரோட்டீன், அங்கிள். மத்த புரோட்டீன் எல்லாம் நீளக் கயிறு மாதிரிதான் உருவாகும். சரியா மடங்குனாத்தான் வேலை செய்யும். ஆனா செல்லுக்குள்ள சீசன் டைம் ஏரிக்கரை மாதிரி கூட்டம். அரைகுறையா மடங்குனது ஒண்ணோடொண்ணு ஒட்டி, கட்டியாகி வீணாப் போயிரும்."

"அதுக்கு?"

"சாப்பரோன் ஒரு பீப்பாய் மாதிரி. ஏழு துண்டு சேர்ந்து ஒரு வளையம். ரெண்டு வளையம் முதுகோட முதுகு ஒட்டியிருக்கும். மடங்காதது உள்ள போனதும் மேல மூடி விழுந்துரும்."

"உள்ளே மடிக்கக் கத்துக்கொடுக்குமா?"

"இல்ல அங்கிள். எப்படி மடங்கணும்னு உள்ள போன புரோட்டீனுக்கே தெரியும். மத்தது வந்து ஒட்டாம பீப்பாய் பாத்துக்கும், அவ்ளோதான். கொஞ்ச நேரத்துல மூடி தொறந்துரும். சரியா மடங்கலன்னா... மறுபடி உள்ள போகலாம்."

ஒரு தடுமாற்றம் உண்டா? போன தடவை வாயில் வராத அதே பாடம்!

எழுந்தேன். மாமன் உட்பட அத்தனை பேரையும் கிளப்பி, கதவைச் சாத்தி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பனி கொட்டியது. மஃப்ளரை இறுக்கிக்கொண்டேன். விபூதியோடு வந்தவர்களுக்கெல்லாம் ஒரே உத்தரவு — பிரசாதம் வெளியிலேயே பெற்றுக்கொள்ளப்படும்.

"என்னங்க சார், காவலா?" என்றார் மாமன், கடுப்போடு.

"மூடி" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் புஷ்பா சிரித்துக்கொண்டே வந்தாள். பாஸ்!

"எல்லாம் சார் சொல்லிக்குடுத்ததுங்க" என்று கும்பிட்டார் முனியாண்டி.

சொல்லிக்கொடுத்ததா? புத்திமதி சொல்லாமல் வாசலில் உட்கார்ந்தேனே, நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்!