வெஸ்ட்லியில் இல்லாத வீடு

சோதிலிங்கம் வெஸ்ட்லியில், ஒரு மாடிக்குடியிருப்பில் இருக்கிறார் என்றுதான் ஒஸ்லோத் தமிழ்ச்சனம் முழுக்க நம்பியிருந்தது. அவரே அவிழ்த்துவிட்ட பொய் அது. மனுசன் இருந்ததோ அல்னாவில், எங்கள் ஆட்கள் லாகர் என்று சொல்லும் பெரிய பொதிக் களஞ்சியம் ஒன்றின் பின்பக்கம், பூபிலுக்குள். பூபில் என்றால் படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே வைத்த வான். நோர்வேக்காரர் கோடை விடுமுறையில் ஓட்டித் திரிவார்கள். இவர் மார்கழிக் குளிரிலும் அதற்குள்தான் படுத்தெழும்பினார்.

மனைவி மனோகரி செத்த பிறகு ட்வெய்ட்டாவில் இருவரும் இருந்த வீட்டின் சுவர்களைப் பார்க்கப் பார்க்க அவருக்கு விசர் பிடித்தது. பிள்ளைகளும் இல்லை. வீட்டை விற்று வானை வாங்கினார். சாமான்களை அள்ளிக் கொடுத்துவிட்டார். ஒரு கோப்பை, ஒரு சாப்பாட்டுத் தட்டு, மனோகரியின் படம், அவளுடைய ஒரு சீலை, இவ்வளவும்தான் வானில் ஏறின. கோடையில் வடக்கே கடற்கரை கடற்கரையாகத் திரிவார். நத்தார்ப் பண்டிகை நெருங்க லாகர்களில் ஆள் தேடுவார்கள், ஒஸ்லோவுக்குத் திரும்பி வேலைக்குச் சேர்ந்துவிடுவார். இதில் வெட்கப்பட என்ன கிடக்கிறது? ஆனால் எங்கள் சனத்தின் வாய் தெரியும்தானே! ‘சோதி றோட்டிலை படுக்கிறான்’ என்று ஒரே நாளில் கதை கட்டிவிடும். அந்தப் பயத்துக்குத்தான் வெஸ்ட்லி.

லாகரில் தலையில் ஹெட்செட் மாட்டிவிடுவார்கள். காதுக்குள் ஒரு பெண்குரல் நோர்வேஜிய மொழியில் சாமான் அடுக்கிய எந்த இறாக்கைக்குப் போவதென்று சொல்லும். இவர் அங்கே போய், அதில் ஒட்டியிருக்கும் இலக்கத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். சரியென்றால் பொதியை எடுத்துக்கொண்டு அடுத்த இறாக்கை. வேலை முடிந்து வான் கதவைச் சாத்தும்போதுதான், காலையிலிருந்து இலக்கங்களைத் தவிர வேறொன்றும் தன் வாயில் வரவில்லை என்பது உறைக்கும். தனிமை ஆளைத் தின்னும் என்பது சும்மா இல்லை.

அப்படியிருக்க ஒருநாள் இந்திரகுமார் போன் எடுத்தார். சோதிலிங்கத்தோடு ஒன்றாக இந்த நாட்டுக்கு வந்த சிநேகிதர். அவருக்கும் மனைவி சிவநாயகிக்கும் பிறந்த சாருகா, மனோகரி தூக்கி வளர்த்த பிள்ளை.

“மச்சான், சாருகாவுக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. ஞாயிற்றுக்கிழமை நானும் சிவநாயகியும் கலியாணக் காட் கொண்டு வீட்டை வாறம்.”

சோதிலிங்கம் அவசரமாகக் குறுக்கிட்டார். “ஏன் மினக்கெடுறாய்? போனிலை அனுப்பிவிடு, காணும்.”

ஐயோ, சொல்லக்கூடாத சொல்! புருசனும் பெண்சாதியுமாக வீடு தேடிப் போய் வாயால் சொன்னால்தான் எங்களுக்கு அது அழைப்பு. போனில் வந்த காட்டை நம்பி எந்த மானமுள்ளவன் கலியாணத்துக்குப் போவான்?

“எங்களை வாசல்படி ஏத்த விருப்பமில்லைப் போலை. சரி, வை,” என்றார் இந்திரகுமார்.

அந்தக் கிழமை முழுக்கச் சோதிலிங்கம் இதையே யோசித்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் இந்த ஊரில் தனக்கென்று மிச்சமிருந்த ஒரே வாசலும் அடைபடும்.

ஞாயிறு மத்தியானம் போன் அடித்தது.

“சோதி, வெஸ்ட்லியிலை நிக்கிறம். சொல்லாமல் விடக்கூடாதெண்டு இவள் இழுத்துக்கொண்டு வந்திட்டாள். புளொக் புளொக்காய் வாசல் மணியளிலை கிடக்கிற பேரெல்லாம் பாத்தாச்சு, உன்ரை பேர் ஒண்டிலையும் இல்லை. எங்கையடா இருக்கிறாய்?”

வடக்கே துரொண்ட்ஹெய்முக்கு வந்தனான் என்று இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. பின்னாலிருந்து சிவநாயகியின் குரல் கேட்டது. “சோதியண்ணைக்கு உடம்புக்கு ஏதும் வருத்தமோ எண்டு கேளுங்கோப்பா.”

அதற்குமேல் அவருக்குப் பொய் வரவில்லை.

“அல்னாவிலை, மச்சான். லாகருக்குப் பின்னாலை ஒரு வெள்ளைப் பூபில். அதுதான் என்ரை வீடு.”

“நில்லு, வாறம்,” என்றார் இந்திரகுமார்.

வந்தார்கள். இந்திரகுமார் வானைச் சுற்றிப் பார்த்தார். சிவநாயகி படியடியில், பனிக்குள் நின்றபடியே சப்பாத்தைக் கழற்றினார்.

“ஐயோ, கால் நனையுது! சப்பாத்தோடை ஏறுங்கோ.”

“வீட்டுக்குள்ளை ஆரும் சப்பாத்தோடை வருவினமோ, அண்ணை?”

சோதிலிங்கம் தேத்தண்ணி போட்டார். இருந்த ஒரு கோப்பை சிவநாயகிக்கு, பிளாஸ்க் மூடி இந்திரகுமாருக்கு. “ஒரேயொரு கோப்பையோடை குடும்பம் நடத்திறாய், விசரா!” என்று இந்திரகுமார் ஏசினார்.

குடித்து முடித்ததும் இருவரும் எழுந்து நின்று காட்டைக் கொடுத்தார்கள். அப்போதுதான் குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருந்த மனோகரியின் படம் சிவநாயகியின் கண்ணில் பட்டது. அழைப்புக்கென்று கொண்டுவந்த குங்குமச் சிமிழைத் திறந்து படத்துக்குப் பொட்டு வைத்தார்.

“மனோகரி, நீர் வளத்த பிள்ளைக்குக் கலியாணம். அண்ணையைக் கூட்டிக்கொண்டு கட்டாயம் வரவேணும், என்ன.”

மனோகரி செத்ததிலிருந்து அவளைக் கூப்பிட்டு யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சோதிலிங்கம் வாய்விட்டு அழுதார்.

அவர்கள் போன பிறகு வானுக்குள் ஹீட்டர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அவர் படத்துக்கு முன்னால் குந்தி, மனோகரியைப் பழையபடி கூப்பிட்டார்.

“இஞ்சேரும், எந்தச் சீலை உடுக்கப்போறீர்?”

கேட்டுவிட்டு, இருந்த அந்த ஒரு சீலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.