தோளில் கிடந்த துண்டு

பொன்னேரியை அடுத்த ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் நிலத்தில், சொர்ணவாரிப் பட்டத்து நெற்பயிரில் பூச்சி விழுந்திருந்தது. என் கணவர் காலையில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மருந்து அடித்தார். வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே உட்கார்ந்து மூச்சுக்குத் திணறினார். வியர்வை கொட்டியது, வாயில் எச்சில் நிற்காமல் ஒழுகியது.

"எங்க நைனாவுக்கும் இதே மூச்சு இழுப்புதாம்மா. ஊசி போட்டா சரியாப்பூடும்" என்று அவருடைய அண்ணன் தீர்ப்பே சொல்லிவிட்டார். அவர் கூட்டிவந்த கம்பவுண்டரும் இழுப்புக்கு ஊசி போட்டார். ஒரு மணி நேரம் வீணாய்ப் போனது. மூச்சு இன்னும் மோசமானது. அப்புறம்தான் வாடகைக் காரில் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழி நெடுக, அவர் தோளில் கிடந்த துண்டாலேயே அவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

டாக்டர் கண்ணைப் பார்த்தார். கண்மணி குண்டூசித் தலையாகச் சுருங்கியிருந்தது. "காலையில என்ன வேலை செஞ்சாரு?" என்றார். அவர் மருந்து அடித்ததைச் சொன்னதும் என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி எறிந்தார்.

"இது இழுப்பு இல்லம்மா, பூச்சி மருந்து விஷம். இந்தத் துண்டாலயா தொடைச்சீங்க?"

உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, விஷத்தை முறிக்கும் ஊசியை மேலும் மேலும் போட்டுப் பிழைக்கவைத்தார்கள். காலையில் என்ன வேலை செய்தார் என்பதற்குப் பதில் எனக்குத் தெரியும். அதுவரை கேட்கத்தான் ஆளில்லை. கேட்காமலே சொல்ல எனக்கும் தோன்றவில்லையே!

இப்போது மருந்து அடிக்கும் நாளில் சோப்போடு பம்புசெட்டில் நிற்கிறேன். "சும்மா பேஜாரு பண்ணாத" என்று எரிந்து விழுகிறார். குளித்து வேறு துணி கட்டினால்தான் சோறு.

டாக்டர் எறிந்த அந்தத் துண்டைப் பையில் சுருட்டி வந்து, ஊர் திரும்பியதுமே குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். அவர் இன்னும் தேடிக்கொண்டு இருக்கிறார்: "நல்ல துண்டுடி அது!"