பேசினால் பீட் ஏறும்

என் கணவர் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு கம்பெனியில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். எந்த மெஷினை எந்த வாரம் நிறுத்தி ஆயில் மாற்ற வேண்டும் என்று சார்ட் போடுவது அவர் வேலை. நானும் அதே தொழிற்பேட்டையில்தான், வேறொரு கம்பெனியில், கார்களுக்குப் போகும் வயர்களைச் சேர்த்துக் கட்டும் லைனில் இருக்கிறேன். எனக்கு எப்போதும் பகல் வேலை. அவருக்கு மூன்று ஷிஃப்டும் மாறி மாறி வரும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் முழுசாகப் பார்த்துக்கொள்வது, அவர் நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் சோழவரத்தில் வந்து இறங்கும் காலைகளில்தான்.

நான் பஸ் நிற்கும் இடத்துக்கே போய்விடுவேன். அங்கிருந்து ஏரிக்கரை வழியாக இருவரும் வீடு வரைக்கும் மெதுவாக ஓடி வருவோம். ஓட்டம் என்றால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பேச்சு தடைபடாத வேகத்தில் ஓட வேண்டும், மூச்சு வாங்கினால் நடக்க வேண்டும், பசித்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். என் சூப்பர்வைசரின் அலட்டல், மாமியாரின் மூட்டு வலி, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் அந்தக் கரையில்தான் அலசப்படும்.

அப்புறம் அவருக்கு மாரத்தான் ஆசை வந்தது. மெஷினுக்கே சார்ட் போடுகிறவர், தன் உடம்பை விடுவாரா? இன்டர்நெட்டில் ஒரு பயிற்சித் திட்டத்தைப் பிடித்தார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் கட்டி ஃபிரிட்ஜில் ஒட்டினார். கையில் ஒரு கடிகாரம் ஏறியது. பச்சை நாளில் இதயத் துடிப்பு ஓர் அளவைத் தாண்டக் கூடாதாம். தாண்டினால் அது கத்தும். நைட் ஷிஃப்ட் முடிந்த காலைகள் எல்லாம் பச்சை.

முதல் பச்சை நாளன்று நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். அவரும் பதில் சொன்னார். கடிகாரம் கத்தியது.

"பேசாம வா. பேசினா பீட் ஏறிடுது" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். விளையாட்டில்லை. அன்றிலிருந்து ஊமைகளாக ஓடினோம். சாவு ஊர்வலத்தில்கூட இதைவிட அதிகம் பேசுவார்கள். ஆனால் அந்தத் திட்டத்தைக் குறை சொன்னால் பாவம். அவர் தொப்பை கரைந்தது, மாடிப்படி ஏறினால் இளைப்பதும் நின்றது. எனக்குத்தான் வாய் நமநமவென்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து என் மேனேஜர் கூப்பிட்டு, என்னை லைன் லீடராகப் போடப் போவதாகச் சொன்னார். ஆனால் எனக்கும் ஷிஃப்ட் மாறி மாறி வரும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இரண்டு பேருக்கும் ஷிஃப்ட் என்றால் இந்தக் காலைகளும் கையை விட்டுப் போய்விடும். ஏரிக்கரையில் வாயைத் திறந்தேன். அவர் "ம்?" என்று கேட்ட மாத்திரத்தில் கடிகாரம் அலறியது. அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வீட்டுக்குப் போனதும் அவர் படுத்தால் கும்பகர்ணன். போனில் சொல்லவும் மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு, சார்ட்டில் சிவப்பு. மதகிலிருந்து தலைதெறிக்க ஓடிப் போய்த் திரும்ப வேண்டும், மதகில் கொஞ்சம் மூச்சு வாங்க வேண்டும், மறுபடி ஓட வேண்டும். மூச்சு வாங்குகிறவரால் எப்படியும் பேச முடியாது, கேட்கலாம் அல்லவா? நான் போய் மதகுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் முறை வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, "என்னை லைன் லீடரா போடறாங்களாம்" என்றேன். கண்ணை அகல விரித்தார். கடிகாரம் கூப்பிட்டது, ஓடிவிட்டார். அடுத்த முறை ஷிஃப்ட் விஷயத்தைச் சொன்னேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினார். மூன்றாம் முறை மிச்சத்தையும் சொன்னேன்.

"எனக்கு ஆசையாத்தான் கீது. ஆனா நாம பாத்துக்கறதே இந்தக் காலைலதான். அதுவும் பூடும்."

கடிகாரம் கூப்பிட்டது. அவர் ஓடவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தார். அது கத்திக்கொண்டே இருந்தது.

"இத இன்னாத்துக்கு இத்தினி நாளா சொல்லல?"

"நீதானய்யா பேசாம வரச் சொன்ன."

கடிகாரத்தின் சத்தத்தை நிறுத்தினார். பிறகு, "ஒத்துக்கோ. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

திங்கட்கிழமை ஒத்துக்கொண்டேன். அந்த வாரம் என் ஷிஃப்ட் விவரம் கைக்கு வந்ததும் அவர் வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் ஃபிரிட்ஜில் புது சார்ட். அவர் ஷிஃப்டும் என் ஷிஃப்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சிவப்பும் மஞ்சளும் கிடைத்த சந்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இரண்டு பேரும் வீட்டில் இருக்கும் காலைகளுக்கு மட்டும் வண்ணம் இல்லை, கிலோமீட்டர் இல்லை, துடிப்புக் கணக்கும் இல்லை. ஒவ்வொன்றிலும் "பேச்சு" என்று எழுதியிருந்தார். நான் சுலபத்தில் அழுகிறவள் இல்லை. அன்றைக்கு அழுதுவிட்டேன்.

அந்தக் காலைகள் முன்னைவிட இப்போது குறைவுதான். மாரத்தானும் தள்ளிப் போயிருக்கிறது. ஆனால் அந்தக் கட்டங்களில் ஒன்றைக்கூட நாங்கள் இதுவரை தவறவிட்டதில்லை. அன்றைக்கு மட்டும் கடிகாரம் வீட்டில் சார்ஜில் கிடக்கும். ஏரிக்கரை முழுக்க நான் பேசிக்கொண்டே ஓடுகிறேன். அவர் பீட் எவ்வளவு ஏறுகிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.